பத்தாயிரத்துக்குக் குறையாது

அகமதாபாத்தில் மணிநகர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு தமிழர்கள் சேர்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஊர் வீட்டில் வந்து நிற்கும். அப்பா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது, கரையான் அரிக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார், தம்பி இன்னும் வாயைத் திறக்கவில்லை... ஒருவர் விற்கிற மும்முரத்தில் இருப்பார், இன்னொருவர் ரிட்டயர்மென்டுக்கு ஊரில் ஏதாவது வாங்கிப் போட அலைந்துகொண்டிருப்பார். பேரம் எல்லாம் போனில்தான். நடுவில் ஒரு புரோக்கரோ, சித்தப்பாவோ, பழைய குடித்தனக்காரரோ இருப்பார்.

அங்கே அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "அவர் நாற்பதுக்குக் கேட்டார், நான் நாற்பத்தஞ்சுக்குக் குறையாதுன்னுட்டேன். மறுநாளே சரின்னுட்டார். இப்ப இன்னொருத்தர் நாற்பத்தெட்டு தர்றேங்கிறார். நான் முதல் ஆளுக்குக் கட்டுப்பட்டவனா, இல்லையா?"

வங்கியில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் வக்கீல் இல்லை. ஆனால் பி.காம். படித்தவர்கள் எல்லோரும் மெர்க்கன்டைல் லா என்ற பேப்பரைத் தாண்டித்தான் வந்திருப்போம். என்.டி. கபூர் எழுதிய தடிமனான புத்தகம். அதில் இந்தக் கேள்விக்கான வழக்குகள் ஆளுக்கு மூன்று வரியில் வந்து போகும். பரீட்சைக்கு வழக்கின் பெயரை எழுதினால் போதும், மார்க் விழும். அந்த மூன்று வரிக்குப் பின்னால் ஒரு வீடு, ஒரு பேரம், ஏமாந்துபோன ஒரு மனிதர் இருந்தார் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. பல வருடம் கழித்து வீட்டுக்கடன் பிரிவில் உட்கார்ந்து பிறர் வீட்டுப் பத்திரங்களைப் புரட்டியபோதுதான் ஏறியது.

சரி, கதைக்கு வருவோம்.

இங்கிலாந்தில் ரெஞ்ச் என்பவருக்கு லடன்ஹம் என்ற இடத்தில் ஒரு பண்ணை இருந்தது. 1,200 பவுண்டுக்குத் தருகிறேன் என்றார். ஹைட் என்பவர் வேண்டாம் என்றுவிட்டார். 1840 ஜூன் 6ம் தேதி ரெஞ்ச் இறங்கி வந்து, 1,000 பவுண்டு, இதுதான் கடைசி விலை என்று எழுதினார். இரண்டு நாள் கழித்து ஹைட் 950 தருவதாகச் சொன்னார். (கடைசி விலை என்று சொன்ன பிறகும் ஐம்பது குறைத்துக் கேட்பது நம்மூர்ப் பழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது!) ரெஞ்ச் கொஞ்ச நாள் யோசித்துவிட்டு, ஜூன் 27ம் தேதி முடியாது என்று பதில் போட்டார். ஹைட்டுக்குப் பதற்றம் வந்துவிட்டது. ஜூன் 29ம் தேதி, சரி, நீங்கள் சொன்ன 1,000க்கே எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினார். ரெஞ்ச் விற்க மறுத்தார். வழக்கு லார்ட் லாங்டேல் முன் வந்தது.

ஹைட் தரப்பு வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ரெஞ்ச் 1,000 என்று எழுதினார், அதை அவர் வாபஸ் வாங்கவே இல்லை, நான் ஒப்புக்கொண்டுவிட்டேன், அப்புறம் என்ன? லாங்டேல் ஏற்கவில்லை. 950 என்று ஹைட் சொன்ன நிமிடத்திலேயே 1,000 என்ற ஆஃபரை அவரே நிராகரித்துவிட்டார். அது செத்துப்போன ஆஃபர். பிறகு அதற்குச் "சரி" சொல்லி உயிர் கொடுக்க முடியாது.

கவுன்ட்டர் ஆஃபர் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். எதிர்விலை என்று வைத்துக்கொள்வோம். எதிர்விலை சொன்னதும் இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது. பழைய விலை விழுந்துவிடுகிறது. "சரி" சொல்லும் அதிகாரம் கை மாறிவிடுகிறது. ஜூன் 6 முதல் 8 வரை அந்த அதிகாரம் ஹைட்டிடம் இருந்தது. ஜூன் 8 முதல் 27 வரை ரெஞ்சிடம் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் எந்த நாளிலாவது ரெஞ்ச் "சரி, 950" என்று எழுதியிருந்தால் ஒப்பந்தம் அங்கேயே முடிந்திருக்கும், ஹைட் 950 கொடுத்தே ஆக வேண்டும். எதிர்விலை எப்போது கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாகிறது என்று கேட்டால் பதில் இதுதான். எதிர்ப்பக்கம் அதை அப்படியே, ஒட்டும் ஒடிசலும் இல்லாமல் ஏற்றுக்கொண்டு, அந்தச் சம்மதத்தைத் தெரிவிக்கும்போது. அதுவரை இரண்டு பேரும் விலகலாம்.

ஆனால் பேரத்தில் நாம் கேட்பதெல்லாம் எதிர்விலை ஆகிவிடாது. 1880ல் இரும்பு வியாபாரத்தில் ஒரு வழக்கு வந்தது, ஸ்டீவன்சன் – மக்லீன். டன்னுக்கு 40 ஷில்லிங் ரொக்கம் என்று விற்பவர் சொல்ல, வாங்குபவர் அதே 40க்கு இரண்டு மாதத்தில் டெலிவரி எடுத்துக்கொள்ளலாமா, இல்லையென்றால் அதிகபட்சம் எவ்வளவு அவகாசம் தருவீர்கள் என்று தந்தியில் கேட்டார். இது விசாரணைதான், எதிர்விலை இல்லை, பழைய ஆஃபர் உயிரோடுதான் இருக்கிறது என்று கோர்ட் சொன்னது. வீட்டுப் பேரத்துக்கு இது ரொம்ப முக்கியம். "மார்ச்சுக்குள் காலி செய்து தருவீர்களா?" என்று கேட்பது வேறு, "மார்ச்சுக்குள் காலி செய்தால் வாங்குகிறேன்" என்பது வேறு. முதலாவது வெறும் கேள்வி. இரண்டாவது, பேச்சுவாக்கில் சொன்னாலும், நிபந்தனை.

இன்னொரு வழக்கு இந்த வரிசையிலேயே எனக்குப் பிடித்தது. சினிமாவாக எடுக்கலாம்.

1874 ஜூன் 10, புதன்கிழமை. டாட்ஸ் என்பவர் குரோஃப்ட் என்ற ஊரில் இருந்த வீடுகள், தோட்டம், குதிரை லாயம் எல்லாவற்றையும் 800 பவுண்டுக்குத் தருவதாக டிக்கின்சனுக்கு எழுதிக் கொடுத்தார். கீழே ஒரு பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை 9 மணி வரை இந்த ஆஃபர் நிற்கும். டிக்கின்சன் வியாழக்கிழமை காலையிலேயே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் வெள்ளி வரை நேரம் இருக்கிறதே என்று சொல்லாமல் இருந்துவிட்டார். அன்று மதியம் அவருடைய ஆள் பெர்ரி வந்து, டாட்ஸ் ஆலன் என்பவரோடு பேசிக்கொண்டிருக்கிறாராம் என்றார். டிக்கின்சன் அடித்துப் பிடித்துக்கொண்டு, டாட்ஸ் தங்கியிருந்த மாமியார் வீட்டுக்குப் போனார். சம்மதக் கடிதத்தை அந்த அம்மாளிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அதை மாப்பிள்ளையிடம் கொடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. கடிதம் போய்ச் சேரவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்கு டார்லிங்டன் ரயில் நிலையத்தில் பெர்ரி டாட்ஸைப் பிடித்துக் கடிதத்தின் இன்னொரு பிரதியைக் கொடுத்தார். சில நிமிடம் கழித்து, டாட்ஸ் ரயில் பெட்டியில் ஏறும்போது டிக்கின்சனே வந்து மூன்றாவது பிரதியை நீட்டினார். தாமதமாகிவிட்டது, விற்றாகிவிட்டது என்றார் டாட்ஸ். ஆலனுக்கு, அதே 800 பவுண்டுக்கு, 40 பவுண்டு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு.

மணி 9 ஆகவில்லை. எழுதிக் கொடுத்த கெடு முடியவில்லை. இருந்தும் 1876ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டாட்ஸ் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. வெள்ளி வரை காத்திருக்கிறேன் என்பது கைக்காசு எதுவும் வாங்காமல் கொடுத்த வாக்கு. அது கட்டுப்படுத்தாது. விற்கிற எண்ணம் போய்விட்டது என்பது டிக்கின்சனுக்கும் முந்தின நாளே தெரிந்துவிட்டது. பிறகு எதை ஏற்பது?

"பொங்கல் வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்று ஊரில் வாய்வார்த்தையாகச் சொல்வதன் சட்ட மதிப்பு இவ்வளவுதான். அதற்காகத் தனியாக ஒரு தொகை வாங்கியிருந்தால் கதை வேறு. நம் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆஃபரை வாபஸ் வாங்கும் அறிவிப்பைச் சொன்னவரே மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 6ம் பிரிவு சொல்கிறது. பெர்ரி காதில் விழுந்த ஊர்ப்பேச்சு இங்கே அதே வேலையைச் செய்யும் என்று நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

நம் சட்டம் என்றேன். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ல் வந்தது, அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. அதை நிறைவேற்றிய காலத்தில் வைஸ்ராய் கவுன்சிலில் சட்ட உறுப்பினராக இருந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். (எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபுக்குப் பெரியப்பா முறை. சும்மா தகவலுக்கு.) லாங்டேல் சொன்னதை அதன் 7ம் பிரிவு ஒரே வரியில் அடக்கிவிட்டது. சம்மதம் முழுமையாக, நிபந்தனை இல்லாமல் இருக்க வேண்டும். இன்று வரை அந்த வரிதான்.

இப்போது ஜமைக்காவுக்குப் போய்த்தான் மடிக்கேரிக்கு வர வேண்டும்.

1891 அக்டோபர். ஃபேசி என்பவர் பம்பர் ஹால் பென் என்ற தன் சொத்தை 900 பவுண்டுக்குக் கிங்ஸ்டன் நகரசபைக்கு விற்கப் பேசிக்கொண்டிருந்தார். அவர் கிங்ஸ்டனிலிருந்து ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது ஹார்வியிடமிருந்து தந்தி வந்தது. அதில் இரண்டு விஷயம்: பம்பர் ஹால் பென்னை எங்களுக்கு விற்பீர்களா? குறைந்தபட்ச ரொக்க விலை என்ன? ஃபேசி இரண்டாவதற்கு மட்டும் பதில் அனுப்பினார்: குறைந்தபட்ச விலை 900 பவுண்டு. ஹார்வி உடனே, 900க்கு வாங்கச் சம்மதம், பத்திரங்களை அனுப்புங்கள் என்று தந்தி அடித்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. விலை சொன்னார், ஆனால் விற்கிறேன் என்று சொல்லவில்லை, முதல் கேள்விக்குப் பதிலே இல்லை என்று 1893ல் தீர்ப்பு வந்தது. ஹார்வியின் இரண்டாவது தந்திதான் உண்மையில் முதல் ஆஃபர். அதை ஃபேசி ஏற்கவே இல்லை.

இனி மடிக்கேரி. வெள்ளைக்காரர்கள் மெர்காரா என்று சொன்ன ஊர். குடகு காப்பித் தோட்டங்களில் ஆங்கிலேயர்கள் இருந்த காலம். கர்னல் மக்ஃபெர்சன் என்பவருக்கு அங்கே மார்வன் லாட்ஜ் என்று ஒரு பங்களா. அவர் ஊரில் இல்லை. சொத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏஜென்ட். அப்பண்ணா என்பவர் பங்களாவை 6,000 ரூபாய்க்குக் கேட்டார். பிறகு, என் விலைக்குச் சம்மதமா, நியாயமாக இருந்தால் மேலே போகவும் தயார் என்று ஏஜென்டிடம் விசாரித்தார். தொலைவில் இருந்த சொந்தக்காரரிடமிருந்து பதில் வந்தது: பத்தாயிரத்துக்குக் குறைந்து ஏற்க மாட்டேன். அப்பண்ணா பத்தாயிரத்துக்கே சம்மதம் என்று எழுதினார். பங்களா அதைவிடக் கூடுதல் விலைக்கு வேறொருவருக்குப் போயிற்று.

எண்களை மாற்றினால் மணிநகர் கேள்வி அப்படியே இதுதான். அவர் ஆறு கேட்டார், இவர் பத்துக்குக் குறையாது என்றார், அவர் சரி என்றார், இன்னொருவர் மேலே கொடுத்தார். சொந்தக்காரர் தூரத்தில், வீடு இங்கே, நடுவில் ஓர் ஆள். கர்னலுக்குக் கேபிள், நமக்கு வாட்ஸ்அப்.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அரசியல் சாசனம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 1951 தீர்ப்பு. அப்பண்ணா தரப்பு, பத்தாயிரம் என்பது எதிர்விலை, நான் ஏற்றுவிட்டேன், ஒப்பந்தம் முடிந்தது என்றது. நீதிமன்றம் அதை எதிர்விலையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "குறைந்து ஏற்க மாட்டேன்" என்றால் அதற்கு மேல் சொல்லுங்கள், பார்க்கலாம் என்று அழைப்பது. பத்து கொடுத்தால் கட்டாயம் தருகிறேன் என்ற வாக்கு அதில் இல்லை. அப்பண்ணாவின் பத்தாயிரம்தான் புதிய ஆஃபர், அதற்குச் சொந்தக்காரர் சம்மதம் சொல்லவே இல்லை.

எனக்கு அப்பண்ணா மேல் இன்றைக்கும் இரக்கம் உண்டு. சந்தையில் ஒருவர் பத்துக்குக் குறையாது என்றால், பத்தை எடுத்து வைத்தால் பொருள் என்னுடையது என்றுதான் நாம் எல்லோரும் புரிந்துகொள்வோம். கத்தரிக்காய்க்கு அது சரி. வீட்டுக்கு மட்டும் ஏன் வேறு காது? யோசித்துப் பார்த்தால் ஒரு நியாயம் தெரிகிறது. வீடு விற்பதில் விலை ஒரு பகுதிதான். யார் கையெழுத்துப் போட வேண்டும், எப்போது பணம், எப்போது சாவி, குடியிருப்பவர் எப்போது போவார், இவை எதுவும் பேசாமல் வெறும் ஒரு எண்ணைக் கொண்டு ஒருவரைக் கட்டிப்போட்டால் தூரத்தில் இருக்கிற சொந்தக்காரர் பாடு திண்டாட்டம். ஏஜென்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. விலையைக் கேட்டுச் சொல்ல நியமித்த ஆளுக்கு விற்று முடிக்கும் அதிகாரம் தானாக வந்துவிடாது. தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன். அப்பண்ணா ஏமாந்ததும் உண்மைதான்.

ஆனால் இந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு "என்ன சொன்னாலும் மாட்டிக்கொள்ள மாட்டோம்" என்று விற்பவர்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கர்னல் அந்த ஒரு வரியோடு நிறுத்தினார். நம்மவர்கள் நிறுத்துவதில்லையே! "நாற்பத்தஞ்சுன்னா உங்களுக்குத்தான், முடிச்சுக்குங்க, வைகாசியில பத்திரம் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிடுவோம். அது அழைப்பு இல்லை, முழுமையான எதிர்விலை. அதற்கு அவர் "சரி" என்றால் ஒப்பந்தம் பிறந்துவிட்டது என்று வாதாட இடம் உண்டு.

போனில் சொன்னாலுமா? ஆமாம், போனில் சொன்னாலும். இதற்கு எங்கள் அகமதாபாத் ஊரே சாட்சி. 1959ல் இங்கே இருந்த ஒரு வியாபாரி, மகாராஷ்டிரத்தின் காம்காவ்ன் ஊர் வியாபாரியோடு பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வாங்க டெலிபோனில் பேசி முடித்தார். சரக்கு வரவில்லை. வழக்கை எந்த ஊரில் போடுவது என்று சண்டை. 1965ல் உச்ச நீதிமன்றம், போனில் பேசினால் சம்மதம் எங்கே காதில் விழுகிறதோ அங்கேதான் ஒப்பந்தம் உருவாகிறது, ஆகவே அகமதாபாத் என்றது. நீதிபதி இதாயத்துல்லா மட்டும் சம்மதம் சொன்ன இடம்தான் என்று மாறுபட்டார். தபாலுக்கு வேறு விதி. சம்மதக் கடிதத்தைத் தபாலில் சேர்த்ததுமே ஆஃபர் சொன்னவர் கட்டுப்பட்டுவிடுவார். ஏற்றவர் மட்டும் கடிதம் போய்ச் சேரும்வரை மனசு மாறலாம்.

அடுத்து எல்லோரும் சொல்வது: "எழுத்தில் எதுவும் இல்லையே, சார்." இங்கிலாந்தில் நிலம் வீடு சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1677லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நம் ஒப்பந்தச் சட்டம் அப்படிப் பொதுவாகக் கேட்கவில்லை. வாய்மொழி விற்பனை ஒப்பந்தமும் செல்லும், ஆனால் அதை நிரூபிக்கிற பாரம் சொல்கிறவர் தலையில் என்று 1990ல் ஹைதராபாத் சொத்து ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பாரம் லேசானதில்லை. அந்த வழக்கில் வாங்க வந்தவர்களால் நிரூபிக்க முடியவில்லை. "பிறகு முறையாக எழுதிக்கொள்ளலாம்" என்று பேசியிருந்தாலே ஒப்பந்தம் இல்லை என்றாகிவிடாது என்று 1968லும் ஒரு தீர்ப்பு உண்டு. எழுதிக் கையெழுத்தானால்தான் ஒப்பந்தம் என்று தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தால் மட்டுமே அது தடுக்கும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்று பதிவுச் சட்டத்தில் திருத்தம் வந்தது. அதன் பிறகு ஊரில் பலருக்கு ஒரு தைரியம். பதிவாகாத ஒப்பந்தம் வெறும் காகிதம் என்று. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தத் தமிழ்நாட்டுத் திருத்தத்தையே எடுத்துப் பேசியது. பதிவாகாவிட்டாலும், ஒப்பந்தப்படி விற்கச் சொல்லும் வழக்கில் அந்தக் காகிதத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. நம் கோர்ட்டுத் தமிழில் அந்த வழக்குக்கு 'ஏற்றதை ஆற்றுதல்' என்று அழகான பெயர். 2018 அக்டோபர் வரை அந்த உத்தரவு போடுவதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது. அந்த மாதம் அமலான திருத்தம் அதை எடுத்துவிட்டது. நஷ்ட ஈடு கொடுத்துவிட்டுக் கழன்றுகொள்ளலாம் என்ற கணக்கு இப்போது முன்னைப்போல எளிது இல்லை.

எங்கள் பக்கம் வேலை செய்கிற ஒருவருக்குப் போன வருடம் நடந்தது இது. பெயர் வேண்டாம். காவிரிக்கரை ஊர் ஒன்றில் அப்பா வீடு. அவரும் தங்கையும் வாரிசு. வாங்க வந்தவர் நாற்பது லட்சம் கேட்க, இவர் நாற்பத்தஞ்சுக்குக் குறையாது என்று புரோக்கரிடம் சொல்லியிருக்கிறார். அதுவரை மடிக்கேரி கதைதான். மறுநாள் வாங்குபவர் "45 ஓகே அண்ணே" என்று மெசேஜ் அனுப்பினார். கையோடு இவர் கணக்கில் ஒரு லட்சமும் போட்டுவிட்டார். விவரக் குறிப்பில் ஹவுஸ் அட்வான்ஸ் என்று. கணக்கு எண்ணைக் கொடுத்தது புரோக்கர்.

டெல்லியில் இதைப் பயானா என்பார்கள். இங்கே குஜராத்தில் விற்பனை ஒப்பந்தத்துக்கே பானாகத் என்றுதான் பெயர். நம் பாட்டிமார் அச்சாரம் என்றார்கள். பெயர் எதுவானாலும், அது கணக்கில் வந்து உட்கார்ந்தால் சும்மா இருக்காது. மெசேஜுக்குப் பதில் போடாமல் இருக்கலாம், மௌனம் சம்மதம் ஆகாது. ஆனால் பணத்தை வைத்துக்கொண்டு மௌனமாக இருப்பது வேறு ஜாதி மௌனம். வங்கி ஸ்டேட்மென்டில் தேதி, தொகை, குறிப்பு எல்லாம் அச்சில் இருக்கிறது. அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நாலாம் நாள் என்னிடம் வந்தார். விற்பதாக இருந்தால் தங்கையையும் சேர்த்து உட்கார்ந்து எழுதிவிடுங்கள், இல்லையென்றால் இன்றே திருப்பி அனுப்புங்கள் என்றேன். அன்று மாலையே அனுப்பினார். கூடவே ஒரு மெசேஜ்: விலை இன்னும் முடிவாகவில்லை, தங்கை கையெழுத்து இல்லாமல் எதுவும் முடியாது, உங்கள் ஒரு லட்சத்தைத் திருப்பிவிட்டேன். வாங்க வந்தவருக்கு வருத்தம்தான். புரோக்கர் வழியாக இரண்டு வார்த்தை கடுமையாகவே வந்தது. தங்கையிடம் போனில் பேச இவருக்கு இரண்டு வாரம் ஆயிற்று, அந்த வீட்டுத் திண்ணையைப் பற்றிப் பேச்சு வந்தாலே அந்த அம்மாவுக்கு அழுகை. கடைசியில் அதே ஆளுக்கு நாற்பத்தாறுக்கு முடிந்தது. மூன்று பேரும் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தார்கள். அட்வான்ஸ் அன்று காசோலையாகக் கை மாறியது. மூன்று மாதக் கெடு, முடியாவிட்டால் என்ன என்பது வரை அதில் எழுதியிருந்தது.

புது ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ரெரா சட்டப்படி, எழுதிப் பதிவு செய்யாமல் பத்து சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்க முடியாது. தனி ஆளிடம் தனி ஆள் வாங்கும் பழைய வீட்டுக்குத்தான் இத்தனை கதையும்.

அந்தத் தங்கை பத்திரத்தன்று ஊருக்கு வர முடியாது என்று அண்ணனுக்குப் பவர் எழுதிக் கொடுத்தார். பவர் பத்திரத்தை வைத்து வீட்டையே விற்று வாங்குகிற டெல்லிப் பழக்கத்தை 2011ல் உச்ச நீதிமன்றம் என்ன செய்தது என்பது தனிக் கதை. அதை அடுத்த முறை எழுதுகிறேன்.